ஒரு தேவநாளும் நம் நூறு ஆண்டும்

சென்ற பௌர்ணமி உபோசத நாளன்று, நல்லேப்பிள்ளியில் அன்பர் ஒருவர் இல்லத் திண்ணையில் யாம் அறவுரை நிகழ்த்தி முடித்தபின், கோயமுத்தூரில் பொறியியற் கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து வினா ஒன்று விடுத்தார். நம் பேரண்டத்திற்கு இணையாக வேறு பேரண்டங்களும் உண்டென்று அறிவியலார் சிலர் கூறுகின்றனரே, அங்கெல்லாம் காலம் விரைந்து செல்லுமா, மெதுவாகச் செல்லுமா, இதைக் குறித்துப் பௌத்தம் யாது கூறும் என்பது அவர் வினா. அன்று யாம் அளித்த விடை பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் அமைந்துவிட்டது. அப்பிழை ஓர் அம்மையாரின் உள்ளத்திற் சென்று தைத்தமையால், அப்பொருளை ஈண்டு மீண்டும் எடுத்து ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.

உலகம் ஒன்றே என்று நம் நூல்கள் கூறவில்லை. அங்குத்தர நிகாயத்தில் பகவான் புத்தர் ஆனந்தருக்கு உரைக்குமிடத்து, ஆயிரம் ஞாயிறும் ஆயிரம் திங்களும் கொண்ட தொகுதியைச் சிறிய உலகத்தொகுதி என்கிறார். அத்தகையன ஆயிரம் சேர்ந்தது நடுத்தரம். அதனினும் ஆயிரம் மடங்கு பெரிது. இவ்வாறு எண்ணப்படும் ஒவ்வோர் உலகமும் சக்கவாளம் எனப் பெயர் பெறும்.

அவ்வுலகங்களிற் காலமும் ஒரே அளவினதன்று. நான்கு மாமன்னர் உலகின் ஒரு நாள் நமக்கு ஐம்பது ஆண்டு. முப்பத்துமூவர் வாழும் தாவதிம்சத்தின் ஒரு நாள் நமக்கு நூறு ஆண்டு. அதற்கு மேலுள்ள உலகங்களில் இருநூறு, நானூறு என இரட்டித்துக்கொண்டே போய், தேவலோகங்களின் உச்சியில் ஒரு நாள் 1,600 ஆண்டாகிறது. தாவதிம்சத்தார் தம் கணக்கில் ஆயிரம் ஆண்டு வாழ்வர். நம் கணக்கில் அது மூன்று கோடியே அறுபது இலட்சம் ஆண்டு.

இதனை விளக்கத் தம்மபத அட்டகதையில் வரும் பதிபூசிகை கதையை அன்று கூறினோம். மாலாதாரி என்னும் தேவனின் மனைவியருள் ஒருத்தி, பூங்காவில் மரக்கிளைமேல் அமர்ந்து மலர் கொய்துகொண்டிருக்கையில் அங்கிருந்து மறைந்து, சாவத்தி நகரில் ஒரு குடும்பத்திற் பெண்ணாய்ப் பிறந்தாள். முற்பிறவி அவளுக்கு நினைவிருந்தது. பதினாறாம் வயதில் மணம் புரிந்தாள். நான்கு மக்களைப் பெற்றாள். பிக்குகளுக்கு உணவும் நீரும் அளித்து வந்தாள். ஒரு நாள் நோயுற்று இறந்து மீண்டும் அப்பூங்காவையே அடைந்தாள். தோழியர் இன்னும் மலர் கொய்து முடிக்கவில்லை. "காலையிலிருந்து உன்னைக் காணோமே" என்றானாம் மாலாதாரி.

கதை முடிந்ததும், பின்வரிசையில் இருந்த ஓர் அம்மையார் எழுந்து, "அண்ணா, என் மகன் போய் ஏழு வருஷம் ஆகிறது. அவனுக்கு அங்கே எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்று வினவினார். நூற்பாலையில் இருபத்தாறு ஆண்டு ரிங் பிரேம் பார்த்துக் கணக்கெழுதிப் பழகிய கை எமது கை, வாயும் அவ்வாறே. சிறிதும் எண்ணாது, "ஒரு மணி நாற்பது நிமிடம், அம்மணி" என்று கூறிவிட்டோம். அவர் முகம் மலர்ந்தது. அதைக் கண்டு எமக்கும் மகிழ்ச்சியே.

அடுத்த வாரம் வழியிற் கண்டபோது அவர் சொன்னார்: "நான் இன்னும் இருபத்தைந்து வருஷம் இருந்தாலும் அவனுக்கு ஆறு மணி நேரந்தானே அண்ணா. எப்படியும் ஒரு ஷிப்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பான்." அவர் கணவரும் ஆலைத் தொழிலாளியாதலின் அம்மொழி அவருக்கு இயல்பாக வந்தது. யாம் அன்றிரவு உறங்கவில்லை.

அறிவியலார் காலத்தைப் பற்றிக் கூறுவதை முதலில் நோக்குவோம். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான் என்னும் நுண்துகள்கள் தோன்றுகின்றன. ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் 2.2 கூறே அத்துகளின் சராசரி வாழ்நாள். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டரே கடக்கலாம். ஆயினும் அவை நிலத்தை எய்துகின்றன. உதகமண்டலத்தில் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் அவற்றை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது. கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களுள்ளும் அந்நிலையத்தார் அவற்றை அளந்தனர். தமிழ்ப் பௌத்தர்க்குத் தாய்வீடு போன்ற அவ்வூரின் நிலத்தடியில் இவ்வாராய்ச்சி நடந்ததை எண்ணும்போது எமக்கு ஒரு தனி உவகை. மிகுவேகத்தில் ஓடும் பொருளின் காலம், நிற்கும் நமக்கு நீண்டு தோன்றும் என்று ஐன்ஸ்டைன் 1905-ல் கூறினார். மியூவான் நம் கடிகாரத்தில் நெடிது வாழ்கிறது. தன் கடிகாரத்தில் அதே 2.2 கூறுதான் வாழ்கிறது. தனக்கு ஆயுள் கூடியதாக அது அறியாது.

இதைக் கண்டு, ஐன்ஸ்டைன் சொன்னதை நம் நூல்கள் அன்றே சொல்லிவிட்டன என்று மேடையில் முழங்குவோர் உளர். அது தகாது. அவரது 1915-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, உயரமான இடத்தில் காலம் விரைகிறது. உதகையில் உள்ள கடிகாரம் நல்லேப்பிள்ளிக் கடிகாரத்தை ஆண்டொன்றுக்கு நொடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ ஏழு கூறு முந்தும். நம் நூல்களிலோ மேலுலகம் செல்லச் செல்லக் காலம் மெதுவாகிறது. இரண்டையும் ஒன்றென்பது இரண்டையும் படியாதவர் கூற்று.

இனி இளைஞரின் வினா. யாம் பணிபுரிந்த ஆலையில் ஸ்பின்னிங் பகுதிக் கடிகாரம் வைண்டிங் பகுதிக் கடிகாரத்திற்கு ஐந்து நிமிடம் பிந்தியிருந்தது. அது வெகுநாள் ஒருவர்க்கும் தெரியாது. ஒருநாள் இரு பகுதியாரும் வாயிலில் நின்று தத்தம் கடிகாரமே சரி என்று சச்சரவிட்டபோது சங்கு ஊதிற்று. அப்போதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. இரு பகுதிக்கும் கேட்கும் சங்கு ஒன்று இல்லையாயின், எது பிந்தியது என்னும் பேச்சிற்கே இடமில்லை. மியூவான் நம்மிடம் வந்து விழுவதால் அதன் காலத்தை நம் காலத்தோடு ஒப்பிடுகிறோம். பதிபூசிகை அதே பூங்காவிற்குத் திரும்பியதால், ஒரு பிறவியும் ஒரு பகலும் ஒன்றாக நிறுக்கப்பட்டன. ஹியூ எவரெட் 1957-ல் வெளியிட்ட கொள்கையை விரித்தோர், உலகம் கிளைகிளையாகப் பிரிகிறது என்பர். பிரிந்த கிளைகளுக்கிடையே செய்தி செல்லாது என்பதும் அவர் கருத்து. அது மெய்ப்பிக்கப்பட்டதன்று. மெய்யெனக் கொள்ளினும், போக்குவரவற்ற ஓர் உலகில் காலம் விரைவா மெதுவா என்று கேட்பது, சங்கு இல்லாத ஆலையில் எக்கடிகாரம் பிந்தியது என்று கேட்பதே. அங்குள்ளார்க்கு அவர் நொடி ஒரு நொடியே.

போக்குவரவு உண்டெனினும் துன்பம் தீர்வதில்லை. தீக நிகாயத்தில் பாயாசி என்னும் சிற்றரசன், துறக்கம் புகுந்த உறவினர் எவரும் திரும்பிவந்து செய்தி சொல்லவில்லையே என்று வாதிடுகிறான். அவர்கள் இரண்டு மூன்று நாள் இன்புற்றுப் பின் வந்து சொல்வோம் என்று எண்ணினும், அதற்குள் நீ உயிரோடு இருப்பாயா என்று குமார காசியபர் கேட்கிறார். இக்கணக்கு, செய்தி வாராமைக்குக் காரணம் காட்டவே ஆங்கு வந்தது. யாமோ அதனைக் காத்திருப்பிற்குக் கெடுவாக்கிக் கொடுத்துவிட்டோம். அச்சிறுவன் தாவதிம்சத்தில் பிறந்தான் என்று எமக்கு எவர் சொன்னார்? பிறந்தவன் அதே மகனாக வாசலை நோக்கி நிற்பான் என்று எந்த நூல் சொல்கிறது? பெருக்கல் சரி, பெருக்கியதற்கு அடிப்படை இல்லை.

மணிமேகலையில், புகார் நகர்ச் சுடுகாட்டில் அஞ்சி இறந்த சார்ங்கலனை அவன் தாய் கோதமை தூக்கிச் சென்று, உயிர் தருமாறு சம்பாபதித் தெய்வத்தை வேண்டுகிறாள். அத்தெய்வம் சக்கவாளத்துத் தேவர் அனைவரையும் வருவித்து, மீட்டல் எம்மால் இயலாது என்று அவர்கள் வாயாலேயே கூறச் செய்கிறது. அந்நிகழ்ச்சியின் நினைவாக மயன் சக்கவாளத்தின் வடிவைச் சுதையால் அமைத்தமையால், அவ்விடம் சக்கரவாளக் கோட்டம் எனப்பட்டது. அத்தனை உலகமும் திரண்டு வந்து அத்தாய்க்குப் பொய் சொல்லவில்லை.

மறுநாள் அம்மையார் இல்லத்திற்குச் சென்றோம். "அம்மணி, அன்று சொன்ன கணக்கு நூலில் உள்ளதுதான். ஆனால் உன் மகன் எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன் போலச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்" என்றோம். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது அண்ணா. அவனுக்கு எத்தனை மணியானாலும், எனக்கு ஏழு வருஷமும் ஏழு வருஷமாகத்தானே போனது" என்றார். உள்ளிருந்து மகளை அழைத்து எமக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். யாம் பருகிக்கொண்டிருக்கையில், பால் சொசைட்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்து தொழுவத்திற்குப் போனார்.