வழியிற் செல்லும் துப்பாக்கி

துப்பாக்கி வீட்டிலிருக்கும்பொழுது அதன் நிலை ஒன்று. வழியிலே செல்லும்பொழுது அதன் நிலை மற்றொன்று. பெட்டகத்திற் பூட்டி வைத்ததனை அயலார் வினவுவது அரிது. அதுவே ஒரு வண்டியில் ஏறிய அளவில், யாருடையது, யார் கையிலுள்ளது, எங்ஙனம் செல்கின்றது, எவ்விடத்திற்குச் செல்கின்றது என்னும் நான்கு வினாக்கள் உடனெழுகின்றன. இவற்றிற்கு நம் நாட்டுச் சட்டம் கூறும் விடைகளை, திண்டுக்கல் மாவட்டத்துத் தொப்பம்பட்டியை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தொப்பம்பட்டி பழனிக்கு வடபுறத்தே சமவெளியிலுள்ளது. தெற்கே பழனி மலைத்தொடர் தோன்றும். வடக்கே சென்றால் திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரம் வரும். உழவே இப்பகுதியின் முதற்றொழில். பயிர்க்காவலுக்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்புவோரைச் சட்டமே தனித்துக் குறிப்பிடுகின்றது. அத்தகைய துப்பாக்கியும் பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ என்றேனும் வண்டியேறித்தான் ஆகவேண்டும். ஆதலின் இப்பொருள் நம்மூரார்க்குப் புறம்பானதன்று.

இந்நிலப்பகுதி ஆயுதச் சட்டத்தின் கடுமையை நெடுநாளாக அறிந்தது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாட்சியின் பாளையக்காரராகிய கோபால நாயக்கர் கும்பினியாரை எதிர்த்து 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவு பிரபு விடுத்த பிரகடனம், தென்னாட்டுப் பாளையங்களிலே கும்பினியாரின் அனுமதியின்றி ஆயுதந் தாங்குதலைத் தடுத்தது. பின்னர் 1878-ஆம் ஆண்டின் சட்டம் நாடெங்கும் உரிம முறையைப் பரப்பியது. ஐரோப்பியர்க்கோ அதனின்றும் நெடுங்காலம் விலக்களிக்கப்பட்டிருந்தது. அவ்வேற்றுமை நம் மக்கள் மனத்தைப் புண்படுத்தியதில் வியப்பில்லை. 1931-இல் கராச்சியிற் கூடிய காங்கிரசு மகாசபை, ஒழுங்குகளுக்கு உட்பட்டு ஆயுதந் தாங்குதலையும் குடிகளின் உரிமைகளுள் ஒன்றாக வைத்துத் தீர்மானித்தது. எனினும் விடுதலை பெற்ற நாட்டின் அரசியலமைப்பு அதனை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. 1959-இல் இயற்றப்பெற்று 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளுமே இன்று நம்மை ஆள்வன. ஆகவே துப்பாக்கி வைத்திருத்தல் பிறப்புரிமையன்று; அரசு ஒருவரை நம்பி அளித்த ஒப்படைப்பு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

இனி, யாருடையது என்னும் முதல் வினாவை நோக்குவாம். உரிமமின்றிச் சுடுகருவியையேனும் தோட்டாக்களையேனும் வைத்திருத்தலும் கொண்டுசெல்லுதலும் கூடா என்பது சட்டத்தின் 3-ஆம் பிரிவு. ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பை 2019-ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. உரிமச்சீட்டிலே கருவியின் அடையாளம், தோட்டாக்களின் அளவு, அவ்வுரிமம் செல்லும் நிலவெல்லை ஆகியன குறிக்கப்பெறும். வண்டி ஓடும் வேகத்தில் மாவட்ட எல்லையை ஓட்டுவோர் உணர்வதில்லை. சட்டமோ அதனை மறப்பதில்லை. திண்டுக்கல் மாவட்டத்திற்கு மட்டும் செல்லத்தக்க சீட்டை உடையவர் துப்பாக்கியுடன் தாராபுரத்தினுட் புகுவாராயின், அவர் கையிலுள்ள சீட்டு ஆங்கு அவர்க்குத் துணையாகாது. எல்லையை விரிவாக்க வேண்டுவோர் பயணத்திற்கு முன்னரே உரிமம் வழங்கும் அதிகாரியிடம் விண்ணப்பித்தல் முறை.

யார் கையிலுள்ளது என்னும் இரண்டாம் வினாவே இக்கட்டுரையின் உயிர்நிலை. உரிமம் மனிதர்க்கு அளிக்கப்படுவது. வண்டிக்கோ குடும்பத்திற்கோ அளிக்கப்படுவதன்று. தோட்டமுடையார் ஒருவர் தம் பண்ணையாளை அழைத்து, ‘இத்துப்பாக்கியைத் திண்டுக்கல்லிற் கொண்டுபோய்ப் பழுது பார்த்து வா’ என்று அனுப்புகின்றார் எனக் கொள்வோம். அவன் சாக்கிற் சுற்றிப் பஸ்ஸில் ஏறுகின்றான். வழியிலே சோதனை நேர்ந்தால் அவன் நிலை யாது? மேற்கூறிய 3-ஆம் பிரிவே இதற்கொரு வாயில் திறந்து வைத்துள்ளது. உரிமமுடையாரின் முன்னிலையிலாவது, அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தின் பேரிலாவது, உரிமமில்லாத ஒருவர் அக்கருவியைக் கொண்டுசெல்லலாம். அதுவும் பழுது பார்த்தல், உரிமம் புதுப்பித்தல், உடையவரின் பயன் என்னும் மூன்று காரியங்களுக்கே. வாய்ச்சொல் போதாது, எழுத்து வேண்டும். அவ்வெழுத்து இல்லையாயின், ஏவியவர் வீட்டிலிருக்க, ஏவல் கேட்டவன் குற்றவாளியாகின்றான். உரிமமின்றிச் சுடுகருவி வைத்திருந்த குற்றத்திற்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சிறைத்தண்டனை இரண்டாண்டிற்குக் குறையாது. ஐந்தாண்டு வரை செல்லும். ஒரு துண்டுக் காகிதம் எழுதாத சோம்பலால் ஓர் ஏழைக் குடும்பம் இரண்டாண்டு உழைப்பாளனை இழக்கும் என்பதை எண்ணிப் பார்க்க.

தேர்தற் காலங்களில் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு அதிகாரிகள் பணிப்பதுண்டு. அக்காரியம் மேற்சொன்ன மூன்றனுள் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. ஆதலின் அந்நாளில் உடையவர் தாமே எடுத்துச் செல்லுதல் நன்று.

வண்டியில் உடன் செல்வோரும் இதில் தொடர்பற்றவரல்லர். பலரின் கூட்டு ஆளுகையிலுள்ள ஒரு வண்டியிலே சட்டத்திற்கு மாறான ஆயுதம் காணப்படின், அஃது அங்கிருப்பதை அறிந்திருந்தார் என்று நம்பத்தக்க ஒவ்வொருவரும், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றிக் குற்றத்திற்குப் பொறுப்பாவர் என்கின்றது 35-ஆம் பிரிவு. ‘என் நண்பருடையது, நான் உடன் வந்தேன்’ என்னும் சொல் தானே விடுதலை தாராது. ஆயுதம் கொண்டுசெல்வாரிடம் உரிமச்சீட்டைக் காட்டுமாறு கேட்கக் காவலதிகாரிக்கு 19-ஆம் பிரிவும், வண்டியை நிறுத்திச் சோதிக்க 23-ஆம் பிரிவும் இடந்தருகின்றன. இன்னும் வியப்பானது 20-ஆம் பிரிவு. தீய நோக்கத்தோடு ஆயுதம் கொண்டுசெல்லப்படுகின்றது என்று ஐயுறத் தக்க காரணமிருப்பின், உரிமம் இருப்பினும் இல்லாதிருப்பினும், அவ்வாறு கொண்டுசெல்வானைப் பிடிக்கும் அதிகாரம் ரயிலிலும் பஸ்ஸிலும் பணிபுரிவோர்க்கும் அளிக்கப்பட்டுள்ளது. ஐயத்திற்குரிய பெட்டியோ மூட்டையோ வழிச்செல்வதைக் கண்டால், காவல் நிலையத்திற்கு அறிவித்தல் அவர்க்குக் கடமையுமாகும் என்பது 36-ஆம் பிரிவு.

ஆயினும் நம் நீதிமன்றங்கள் அறியாமற் செய்தாரையும் அறிந்து செய்தாரையும் ஒரு நிறையில் வைத்து நிறுப்பதில்லை. கருவி உடலிலே இல்லாவிடினும், அதனைத் தன் ஆளுகையில் வைத்திருப்பவன் உடையவனே என்று 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் அவ்வுடைமை அறிவோடு கூடியதாக இருத்தல் வேண்டும். பழைய பையின் மூலையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டா விமான நிலையச் சோதனையில் வெளிப்பட, அக்காரணத்தால் வழக்கிற்கு ஆளாகிப் பின்னர் உயர் நீதிமன்றங்களால் விடுவிக்கப்பட்டோர் உளர். அவர் பெற்ற விடுதலை நீண்ட அலைச்சலுக்குப் பின்னர் வந்தது. பயணத்திற்கு முன் பையை உதறிப் பார்க்க ஒரு நொடியே வேண்டும்.

மூன்றாவது, எங்ஙனம் கொண்டுசெல்வது? பொதுவிடத்திலே துப்பாக்கி முற்றும் மூடப்பட்டிருத்தல் வேண்டும். அதற்கென அமைந்த உறையில் இருத்தல் வேண்டும். கொண்டுசெல்வார் அதனைத் தம் வசத்தில் வைத்திருத்தல் வேண்டும் என்பன 2016-ஆம் ஆண்டு விதிகளின் கருத்து. வண்டியில் விட்டுவிட்டு உணவுக்கடையுள் அமர்வாரும், ஓட்டுநரிடம் ஒப்புவித்து உறங்குவாரும் இவ்விதியின் கருத்தை மறந்தவராவர். தோட்டாவை நீக்கிய பின்னரே வண்டியேற்றுதலும், தோட்டாக்களைத் தனியே வைத்தலும், குழல் வெறுமையாயிருத்தலைக் கண்ணாற் காணுதலும் அறிவுடையோர் வழக்கம். குண்டுங்குழியுமான பாதையிலே மருந்து கெட்டித்த துப்பாக்கிக்கு உடையவன் என்றும் அயலான் என்றும் வேற்றுமை தெரியாது.

நான்காவது, எவ்விடத்திற்கு? மாவட்ட நீதிபதியின் தனி அனுமதியின்றித் திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றிற்கும், கல்விச்சாலையின் வளாகத்தினுள்ளும் துப்பாக்கி கொண்டுசெல்லலாகாது என்பது உரிமத்தின் நிபந்தனை. தைப்பூசக் காலத்தில் பழனிச் சாலைகளெங்கும் பாதயாத்திரைக் கூட்டம் நிறைந்திருத்தலை அறிந்தோர்க்கு இந்நிபந்தனையின் நியாயம் சொல்லாமலே விளங்கும். தெற்கே மலையேறுவோர்க்கு மற்றுமொரு தடையுண்டு. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பெற்றது. சரணாலயத்தினுள் ஆயுதத்தோடு புகுவதற்குத் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் அல்லது அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து அனுமதியை 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேண்டுகின்றது. திருமண வீடுகளிற் களிப்பின் பொருட்டுப் பிறர்க்கு இடர்வரும்படி வெடிப்பதும் 2019 முதல் தனிக்குற்றமாயிற்று.

உரிமக் காலம் கழிந்தாலும், உடையவர் இறந்தாலும் வீட்டார் அக்கருவியைத் தாமதமின்றி அண்மைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். நிலையத்திற்கு முன்னரே செய்தி அனுப்பி, அவர் கூறும் வழியிற் கொண்டுசெல்லுதல் தீங்கற்ற நெறியாம்.

மாணாக்கர் இக்கட்டுரையைப் படித்து, நமக்குத் துப்பாக்கியேது என்று மூடி வைத்தல் வேண்டா. ஊர்ப்புறத்து வீடுகளிலே சட்டத்தைப் படித்துச் சொல்லக் கூடியவர் பெரும்பாலும் கல்லூரிக்குச் சென்ற பிள்ளையே. உரிமக் காலம் எந்நாளில் முடிகின்றது, எல்லை எதுவரை செல்கின்றது என்பனவற்றைப் பார்த்துத் தந்தையார்க்குச் சொல்லுங்கள். ஏவலாள் துப்பாக்கியோடு வண்டியேறுவதைக் கண்டால் அவனை நிறுத்தி, உரிமமுடையாரின் பெயர், கருவியின் அடையாளம், செல்லும் காரியம், நாள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, உடையவரின் கையொப்பம் பெற்று அவன் கையிற் கொடுங்கள். தானே எழுத அறியாத ஒருவனைச் சிறையினின்றும் காக்கும் அந்நாலு வரியினும் சிறந்த பயனை நாம் கற்ற எழுத்து வேறெங்கே பெறப் போகின்றது?