கண்ணுக்குத் தெரியாத காயமும் இழப்பீடும்

என் தாத்தா ஈப்போ அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். பால் ஸ்டோரில் உருளை இயந்திரம் அவரது விரலை நசுக்கியது. அதற்கு இழப்பீடு கிடைத்தது. என் தாய்மாமா ஆம்புலன்ஸ் ஓட்டுநர். நெடுஞ்சாலை விபத்தொன்றில் சிறு பிள்ளைகளின் உடல்களைத் தூக்கிய இரவிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. விடுப்புக் கேட்டபோது, "கைகால் நல்லாத்தானே இருக்கு?" என்றாராம் மேலதிகாரி. மாமா பேசாமல் திரும்பிவிட்டார். இந்த இரு காயங்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் புரிந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலாயாவில் 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொறுப்பை முதலாளியிடம் வைத்தது. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் சொக்சோவைத் தந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்படும் விபத்துக் காயம், தொழில்சார் நோய் ஆகியவற்றுக்கு அது உதவித்தொகை வழங்குகிறது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு அனுமானிக்கப்பட்ட சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். இச்சட்டத்தின் 25ஆம் பிரிவு நம்மில் பலர் அறியாதது. வேலையிடத்தில் ஆபத்தில் சிக்கியவரைக் காப்பாற்ற ஓடும் தொழிலாளிக்கு நேரும் விபத்தும் வேலை விபத்தாகவே கருதப்படும்.

ஆனால் நிரந்தர அரசு ஊழியர்களான போலீசாரும் தீயணைப்பு வீரர்களும் சொக்சோவில் இல்லை. அவர்களுக்கு 1980ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டமே அடைக்கலம்.

தெலுக் இந்தான் கற்பித்தது

2025 மே 13 அன்று, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி ஊர்வலப் பாதுகாப்புப் பணியை முடித்துக்கொண்டு ஈப்போ திரும்பிய கலகத் தடுப்புப் படையினரின் லாரி, கல் ஏற்றிய லாரியுடன் மோதியது. ஒன்பது வீரர்கள் இறந்தனர். நம் திருவிழாவைக் காத்துவிட்டுச் சென்றவர்கள் அவர்கள். இறந்தோருக்கும் எலும்பு முறிந்தோருக்கும் சட்டத்தில் வழி உண்டு. உயிர் தப்பியவரும் சிதைந்த லாரியிலிருந்து அவர்களை மீட்டவரும் சுமக்கும் காட்சிக்கு எந்த எக்ஸ்ரே சாட்சி சொல்லும்?

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் 1980ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. கெட்ட கனவு, திடீர்ப் பதற்றம், சம்பவ இடத்தைத் தவிர்த்தல் முதலியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். பல ஆண்டுகளில் பல சம்பவங்களைக் கண்டவர், 'எந்த விபத்து காரணம்?' என்ற கேள்விக்கு எப்படி விடை சொல்வார்?

நம் தமிழர் பலர் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 2016இல் இதற்கு ஒரு வழி கண்டது. தீயணைப்பு வீரர், போலீசார், ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் போன்றோருக்கு இந்நோய் உறுதிசெய்யப்பட்டால், அது வேலையால் வந்ததென்றே சட்டம் முதலில் ஏற்கும். அல்ல என்பவரே அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமையை நோயாளியின் தோளிலிருந்து இறக்குவதே இதன் சிறப்பு. நம் நாட்டிலும் இத்தகைய விதி வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

மீட்புப் பணியில் உள்ள உறவினர் நம்மில் பலருக்கும் இருப்பர். சம்பவ நாள், இடம், கண்டது ஆகியவற்றை எழுதிவைக்கச் சொல்லுங்கள். மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, மருத்துவரிடமும் வேலை விவரத்தைக் கூறி, நகல்களைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தாத்தாவின் கோப்பில் எல்லாத் தாளும் இருந்தது. மாமாவிடம் ஒரு தாளும் இல்லை. சென்ற விடுமுறையில்தான் அவருடன் உட்கார்ந்து முதல் பக்கத்தை எழுதினேன்.