சினைப்பைப் புற்றுநோய்: சிகிச்சைக் காலத்தை எப்படிக் கடப்பது?

கருப்பையின் இருபுறமும் இருக்கும் சினைப்பைகள் (கருமுட்டை உருவாகும் உறுப்புகள்) அடிவயிற்றின் ஆழத்தில் உள்ளவை. அதனால் அங்கே கட்டி வளர்ந்தாலும் வெளியில் எளிதாகத் தெரியாது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்நோய் அதிகம். சிலருக்கு பிஆர்சிஏ எனும் மரபணுவில் ஏற்படும் மாற்றம் காரணமாகிறது. சாபமோ கண்ணேறோ இதற்குக் காரணமல்ல.

வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது ஆகியவை இதன் அறிகுறிகள். இவை இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால், வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்து நாள் கடத்தாதீர்கள். ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கருப்பை வாய்க்கான பாப் பரிசோதனை இந்நோயைக் காட்டாது. சிஏ-125 ரத்தப் பரிசோதனையின் அளவு வேறு காரணங்களாலும் கூடலாம். அதை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம்.

அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் (புற்றணுக்களை அழிக்கும் மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றுவது) முதன்மைச் சிகிச்சைகள். பெரும்பாலும் கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு முறை ஏற்றுவார்கள். புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. காரைக்கால் பகுதியிலுள்ள விழிதியூரிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கும் மேல். எனவே பயணச் செலவையும் உடன் வரும் ஆளையும் முன்பே ஏற்பாடு செய்துகொண்டு, குறித்த தேதியில் சென்றுவிடுங்கள்.

கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களில் வெள்ளணுக்கள் (கிருமியை எதிர்க்கும் ரத்த அணுக்கள்) மிகவும் குறையும். வீட்டில் தெர்மாமீட்டர் வைத்திருங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் காரைக்கால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புதுச்சேரிக்குப் போகும்வரை காத்திருக்கவோ, பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்கவோ கூடாது. கீமோ தேதியும் மருந்தின் பெயரும் உள்ள சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், வயிறு உப்பி மலமும் வாயுவும் வெளியேறாமல் வாந்தி ஆகியவையும் அவசர நிலைகளே.

குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வருமுன்பே, சொன்ன நேரத்தில் போடுங்கள். முட்டை, பருப்பு, நன்றாக வெந்த மீன் ஆகியவற்றைச் சிறு சிறு வேளைகளாகச் சாப்பிடுங்கள். கொதித்து ஆறிய நீரைக் குடியுங்கள். பத்தியம் என்று புரதத்தை நிறுத்தினால் உடல் தளர்ந்துவிடும். கை கால் மரத்துப்போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற முடியும். மரத்த காலோடு வெறுங்காலில் வயலில் இறங்காதீர்கள். கொட்டிய முடி மீண்டும் வளரும்.

நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கப்படுவது உண்மைதான். அதை நம்பி இலையை அரைத்துக் குடிப்பது ஆபத்து. ஆலையில் பிரித்தெடுத்து அளந்து தருவது மருந்து. அளவு தெரியாமல் குடிக்கும் சாறு நச்சாகலாம். எந்தக் கஷாயமானாலும் மருத்துவரிடம் கேட்டபின் குடியுங்கள்.

‘பம்பாய்’ படத்தில் நடித்த மனிஷா கொய்ராலாவுக்கு 2012-இல் இந்நோய் கண்டறியப்பட்டது. நியூயார்க்கில் அறுவை சிகிச்சையும் கீமோவும் பெற்று, மீண்டும் நடிக்க வந்தார். 2018-இல் தன் அனுபவத்தை நூலாகவும் வெளியிட்டார். எல்லோருக்கும் ஒரே விளைவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நோய் திரும்பவும் கூடும். அப்போதும் சிகிச்சை உண்டு. ஆகவே சிகிச்சை முடிந்தபின் வரும் மறுபரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். பிஆர்சிஏ பரிசோதனை பற்றியும் கேளுங்கள்; உங்கள் சகோதரிக்கும் மகளுக்கும் அது பயன்படும்.

வீட்டாருக்குத் தொந்தரவு என்று காய்ச்சலையும் வலியையும் மறைக்கும் பெண்கள் பலர். தயவுசெய்து மறைக்காதீர்கள். உரிய நேரத்தில் வாய்விட்டுச் சொல்வதே இந்தச் சிகிச்சையில் உங்களுக்குப் பெரிய பலம்.