மொட்டைமாடியில் நெபுலா படம் எடுக்கலாமா?

வானத்தில் ஒளிரும் வாயு மேகத்தைப் படம் பிடிக்கக் காவலூர் தொலைநோக்கிதான் வேண்டும் என்பதில்லை. பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா, 50 எம்.எம். லென்ஸ், ஒரு ஸ்டாண்டு இருந்தால் தென்காசி வீட்டு மொட்டைமாடியே போதும்.

1. முதலில் ஓரியன் நெபுலாவை எடுங்கள். சுமார் 1,300 ஒளியாண்டு தள்ளி இருந்தாலும் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து 9 டிகிரிதான் என்பதால் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வரும். தெருவிளக்கு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுக்காது.

2. குற்றாலம் சித்திர சபையில் கொண்டாடுகிறோமே, அந்தத் திருவாதிரை நட்சத்திரம்தான் அடையாளம். சிவப்பாக மின்னும் அதற்குத் தெற்கே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். இன்னும் சற்றுத் தெற்கே சின்னதாக ஒரு வரிசை. அதன் நடுவில் பஞ்சுபோல் இருப்பதுதான் நெபுலா.

3. சாரல் சீசனிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வானத்தை நம்ப முடியாது. தை, மாசி அமாவாசையை ஒட்டிய இரவுகளே தோது. பிப்ரவரி நடுவில் இரவு எட்டே கால் மணிக்கெல்லாம் நெபுலா உச்சிக்கு வந்துவிடும், தூக்கமும் கெடாது.

4. சிரியஸ் நட்சத்திரத்தைக் கேமரா திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, லென்ஸ் வளையத்தில் செலோடேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் கை பட்டாலும் நகராது.

5. ஐந்து விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும். ஆகவே ஐ.எஸ்.ஓ. 1600-ல், ரா ஃபைலாக, ஐந்தைந்து விநாடியாக 200 படம் எடுங்கள். டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் இரண்டும் இலவச மென்பொருள்கள். எல்லாப் படங்களையும் ஒன்றாக அடுக்கித் தரும். நட்சத்திரங்களோடு சேர்ந்து சுழலும் விலை கூடிய தாங்கி இப்போதைக்கு வேண்டாம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவை நகர்த்தி நெபுலாவை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

6. முடித்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே அளவில் இருபது படம் எடுங்கள். கேமராவின் புள்ளி இரைச்சலைக் கழிக்க இவை உதவும்.

7. ஹைட்ரஜன் வாயு உமிழும் 656 நானோமீட்டர் சிவப்பில் பெரும்பகுதியைச் சாதாரணக் கேமராவின் வடிகட்டி தடுத்துவிடும், அதனால் நெபுலா இளஞ்சிவப்பாகத்தான் விழும். வடிகட்டியை எடுக்கச் செலவழிக்காதீர்கள். ஓரியனுக்கு இதுவே அழகு.

8. குற்றாலச் சாரல் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவுத்தூள் உள்ளே போகும்.

9. படம் எடுக்கும் நாளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அடுத்த முறை அவர்கள் வீட்டு மாடி விளக்கை அவர்களே அணைத்துவிடுவார்கள்.