வண்டியில் மாட்டும் முன் பாலிசியில் ஏற்றுங்கள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் தாம்பரம், முடிச்சூர், வேளச்சேரி பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. இத்தனை கவனமாக இருப்பவர்கள்கூட, புது வண்டியை ஆக்சஸரி கடையில் விடும்போது பாலிசியைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

காரில் நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் மூன்று இடத்தில் கேள்விக்கு வரும்: இன்சூரன்ஸ் கம்பெனி, கார் கம்பெனி, ஆர்டிஓ. ஒரு இடத்தில் தப்பில்லை என்பதால் மற்ற இரண்டிலும் தப்பில்லை என்று ஆகிவிடாது.

பிரீமியம் எவ்வளவு ஏறும்?

பயப்படுகிற அளவுக்கு ஏறாது. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 அறிவிப்பின்படி 1000 சிசி வரையுள்ள தனியார் காருக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய். அலாய் வீல் மாட்டினாலும் ஸ்டீரியோ வைத்தாலும் இந்தத் தொகை மாறாது. இவற்றால் மாறுவது சொந்த வண்டிச் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதி மட்டும்தான்.

2002-ஆம் ஆண்டு மோட்டார் டாரிஃப் வகுத்த கணக்கு எளிமையானது. கம்பெனி பொருத்தாத மின்சார, எலெக்ட்ரானிக் சாமான்களுக்கு அவற்றின் மதிப்பில் 4% கூடுதல் பிரீமியம். 2007-இல் கட்டண நிர்ணயம் தளர்ந்த பிறகும் பல கம்பெனிகள் இதையே பின்பற்றுகின்றன. 35,000 ரூபாய்க்கு ஸ்டீரியோவும் சப்வூஃபரும் வைத்தால் வருடத்துக்கு 1,400 ரூபாய். ஜிஎஸ்டி 18% சேர்த்து 1,652 ரூபாய். சிஎன்ஜி கிட்டுக்கும் இதே 4% உண்டு. அதோடு மூன்றாம் நபர் பகுதியில் 60 ரூபாய் சேரும். 50,000 ரூபாய் கிட் என்றால் ஜிஎஸ்டியோடு சுமார் 2,430 ரூபாய்.

குறைவதும் உண்டு. மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்காகக் கைக்கட்டுப்பாடு பொருத்தி ஆர்சியில் பதிந்த வண்டிக்கு, அதே டாரிஃபின்படி ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50% தள்ளுபடி. இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் (ஏஆர்ஏஐ) அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவிக்கு 2.5%, அதிகபட்சம் 500 ரூபாய். கேட்டால்தான் கிடைக்கும்.

சொல்லாமல் விட்டால்?

காப்பீட்டு மதிப்பான ஐடிவி, கம்பெனி விற்ற வண்டியின் விலையை வைத்துப் போடுவது. நீங்கள் வெளியே வாங்கி வைத்த சாமான் அதில் இல்லை. ‘ஷோரூமிலேயே போட்டுக் கொடுத்தார்கள்’ என்பவர்களும் பாலிசியில் ‘எலெக்ட்ரிக்கல்’, ‘நான் எலெக்ட்ரிக்கல்’ என்று இருக்கும் இரண்டு கட்டங்களைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் அந்தச் சாமானுக்கு இழப்பீடும் பூஜ்யம்தான். சீட்டுக்கு அடியில் வைக்கும் சப்வூஃபர்தான் வெள்ளத்தில் முதலில் நனைகிறது என்பதை நம் பகுதிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாமான் போனால் போகட்டும், முழு க்ளெய்மும் சிக்கலாவதுதான் பெரிய இடி. வண்டி தீப்பிடித்தால் சர்வேயர் முதலில் பார்ப்பது வயரிங். ஹெட்லைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் 60 வாட் பல்ப் இழுப்பது 5 ஆம்பியர். அதைக் கழற்றிவிட்டு 100 வாட் பல்ப் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே வைக்காமல் பழைய வயரிலேயே ஓட்டினால், பல்பை வயரோடு இணைக்கும் கப்ளர் பழுப்பேறி உருகத் தொடங்கும். அந்தக் கப்ளரைக் கழற்றிப் போட்டோ எடுத்த பிறகு உங்கள் வாதம் எடுபடாது.

ஆனாலும், மாற்றம் இருக்கிறது என்பதற்காக மட்டும் முழுத் தொகையையும் மறுத்தால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். விபத்துக்கும் அந்த மாற்றத்துக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள். வாடகைக்கு விட்ட சொந்தக் கார் விபத்தான அமலேந்து சாகூ வழக்கில், நிபந்தனை மீறல் இருந்தும் க்ளெய்மை அடியோடு நிராகரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. கம்பெனியின் பதில் திருப்தி இல்லையென்றால் ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

வாரண்டி முழுக்கப் போய்விடுமா?

போகாது. ஆனால், மாற்றம் தொட்ட பாகத்துக்குப் போய்விடும். அலாய் வீல் மாட்டியதால் ஏசி கம்ப்ரசர் வாரண்டி போகாது. வீல் பேரிங்கும் சஸ்பென்ஷனும் கேள்விக்குள்ளாகும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவை ரீமேப் செய்தால் எஞ்சின், கியர்பாக்ஸ், டர்போ மூன்றுக்கும் ஆபத்து. வயரை வெட்டி ஒட்டுப்போட்டால் எலெக்ட்ரிக்கல் கோளாறு எதற்கும் அதையே காரணம் காட்டுவார்கள். மாருதி சுசுகி 2024 ஜூலையில் சாதாரண வாரண்டியை 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. அவ்வளவு நீண்ட பாதுகாப்பை ஒரு வயர் ஒட்டுக்காக இழப்பது லாபமா என்று யோசியுங்கள்.

அமெரிக்காவில் 1975 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. வேறு கம்பெனிப் பாகம் மாட்டியதை மட்டும் காரணம் காட்டி அங்கே வாரண்டியை மறுக்க முடியாது. இங்கே வாரண்டிப் புத்தகத்தில் அச்சாகியிருப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான் துணை. சர்வீஸ் சென்டர் மறுத்தால், எந்த விதியின்படி, எந்தப் பாகத்துக்கு என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.

ஆர்டிஓ கண்ணுக்கு எது தப்பு?

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த 182ஏ பிரிவின்படி, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புல்பார் எனப்படும் முன்பக்க இரும்புக் கம்பிக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சிஎன்ஜி கிட்டுக்கு அனுமதி உண்டு. ஆனால் ஆர்சியில் ஏற வேண்டும். கலர் மாற்றத்துக்கும் அப்படித்தான். டிஎன் 11, டிஎன் 22 என்று எந்தப் பதிவு எண் பழைய காரை வாங்கினாலும், டிக்கியில் சிலிண்டர் இருந்தால் ஆர்சியிலும் பாலிசியிலும் சிஎன்ஜி என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

செய்ய வேண்டியவை

சாமான் மாட்டும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போடுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது. ஜிஎஸ்டி பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பாலிசியில் மாற்றத்தைச் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட்டை வருட நடுவிலும் வாங்கலாம், புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வயரை வெட்டாமல் கப்ளருக்குக் கப்ளர் இணைக்கும் செட் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். டயர் மாற்றும் முன் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவைப் பாருங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்குச் சாதாரண உறை மாட்டாதீர்கள். ஏர்பேக் விரியத் தடையாகும்.

வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் பிரீமியம் கட்டத் தயங்குகிற மாற்றம் என்றால், அதைச் செய்யாமல் இருப்பதே மேல்.