குப்பை முந்தட்டும், மூட்டை பிந்தட்டும்

தங்கச்சி, அப்பாவின் ஒன்பது மாவையும் இந்தச் சம்பாவுக்கு நீயே பார்க்கப் போகிறாய் என்று அம்மா போனில் சொன்னாள். எனக்கு மனசு நிறைந்துபோனது. உடனே உன் கேள்வியும் வந்துவிட்டது: "அக்கா, எருவா, யூரியாவா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்." இரண்டும்தான் வேண்டும். ஆனால் எது முன்னால், எது பின்னால், நடுவில் எத்தனை நாள் என்பதில் கவனம் வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. ஒரு வருஷம் குறுவையை மெஷின் வைத்து அறுத்தோம். வைக்கோலைத் தாளோடு சேர்த்து மடக்கி உழுதுவிட்டு, தண்ணீர் போய்விடுமே என்ற பயத்தில் நாலாம் நாளே தாளடி நட்டுவிட்டேன். பத்து நாளில் பயிர் மஞ்சளாக நின்றது. பதறிப்போய் யூரியாவை அள்ளி வீசினேன். அப்போதும் பச்சை திரும்பவில்லை, மறுபடி வீசினேன். ஒரு மாதம் கழித்துப் பயிர் கருகருவென்று எழுந்தது, கூடவே இலைச்சுருட்டுப் புழுவும் வந்தது. பின்னாடியே புகையான் வந்து வட்டம் வட்டமாகக் காய்ந்துபோனது. அந்த வருஷம் வீட்டுக்குச் சாப்பாட்டு நெல்தான் மிஞ்சியது.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. வைக்கோலில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். மக்கி முடிந்ததும் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும். நான் வீசிய யூரியாவும் அதோடு சேர்ந்து ஒரே சமயத்தில் பயிருக்குப் போய்விட்டது. ஆகவே பச்சை வைக்கோலை மடக்கினால், தண்ணீர் கட்டி இரண்டு மூன்று வாரமாவது ஊறவிட்டுப் பிறகு நடு. அவ்வளவு நாள் கையில் இல்லையென்றால் வைக்கோலை வயலில் விடாதே. களத்து மேட்டில் சாணிக் கரைசல் தெளித்துக் குவித்து மக்க வை, அடுத்த போகத்துக்கு ஆகும்.

கட்டு கட்டி முழுவதையும் லாரிக்காரரிடம் விற்றுவிடவும் வேண்டாம். பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதி நெல்மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. வருஷா வருஷம் வைக்கோலை வெளியே அனுப்பிவிட்டு, பொட்டாஷ் மூட்டையை விலை கொடுத்து உள்ளே கொண்டுவருகிறோம். எனக்கு இது வயிற்றெரிச்சல்.

உனக்கு நான் சொல்வது தக்கைப்பூண்டு, வயலிலேயே வளர்த்து மடக்குகிற பசுந்தாள் உரம். தொழு உரம் ஏக்கருக்கு 5 டன் என்பது பரிந்துரை. இன்று ஊரில் மாடு எங்கே இருக்கிறது, அவ்வளவு குப்பைக்கு எங்கே போவாய்? தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். 45 நாளில், பூ எடுக்கும் முன்னே மடக்கி உழு. பூத்துவிட்டால் தண்டு நார் பிடித்துவிடும், மக்க நாளாகும். இளம் பூண்டு சேற்றில் ஒரு வாரத்திலேயே குழைந்துவிடும், வைக்கோல் செய்த வேலையை இது செய்யாது. நாள் கணக்கை மட்டும் பின்னாலிருந்து போட்டுக்கொள்: பூண்டு விதைத்து மூன்று வாரம் கழித்து நாற்றங்காலில் நெல் விதை. பூண்டுக்கு 45 நாள் ஆனதும் மடக்கு. அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆறவிட்டு நட்டால், நாற்றுக்கும் ஒரு மாத வயது சரியாக இருக்கும்.

அறுப்பு முடிந்த கோடையில் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆடு ஓட்டி வந்தால் கிடை கட்டச் சொல். புழுக்கையும் மூத்திரமும் நேராக வயலிலேயே விழும், வண்டிக்கூலி கிடையாது. கிடை எழுந்ததும் லேசாக ஒரு உழவு ஓட்டி மூடிவிடு, வெயிலில் காயவிட்டால் பாதிச் சத்து காற்றோடு போய்விடும்.

இப்போது மூட்டைக்கு வருவோம். டெல்டாவில் சம்பாவுக்குப் பொதுவான பரிந்துரை ஏக்கருக்குத் தழை 60, மணி 20, சாம்பல் 20 கிலோ. மூட்டைக் கணக்கில் டிஏபி 43 கிலோ, யூரியா இரண்டரை மூட்டை, பொட்டாஷ் 33 கிலோ. யூரியா மூட்டை இப்போது 45 கிலோதான், பழைய 50 கிலோ கணக்கில் போட்டுவிடாதே. மண் பரிசோதனை செய்திருந்தால் இந்தக் கணக்கை விட்டு அதன்படியே போ. மண்ணை எரு போடும் முன்பே எடுக்க வேண்டும், எரு போட்ட பிறகு எடுத்தால் கணக்கு பொய்யாகும்.

பூண்டு நன்றாக வளர்ந்து மடங்கியிருந்தால் யூரியாவில் கால் பங்கைத் தைரியமாகக் குறை. அதற்கு மேல் குறைப்பதை இலை வண்ண அட்டை சொல்லும். நட்டு 14-ம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில், வெயிலுக்கு முதுகைக் காட்டி உன் நிழலில் பத்து இலை பார். பாதிக்கு மேல் 4-ம் நிறத்துக்குக் கீழே போனால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு 3 போதும். பக்கத்து வயல்காரர் வீசுகிறார் என்று நீயும் வீசாதே.

எரு போட்ட மண்ணில் யூரியா ஏன் அதிகம் பேசுகிறது தெரியுமா? வயலில் நிற்கும் தண்ணீரில் பாசி படர்ந்திருந்தால் உச்சி வேளையில் அந்தத் தண்ணீர் காரமாகும். அப்போது தூவிய யூரியா அமோனியாவாகிப் பறந்துவிடும். மக்கு நிறைந்த மண் அந்த அமோனியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். வெறும் மண்ணில் பாதி உனக்கு, பாதி காற்றுக்கு. அதனால் மேலுரம் போடும் முன் தண்ணீரை வடித்துவிடு, சேறு மட்டும் இருக்கட்டும், தூவிய மறுநாள் தண்ணீர் கட்டு. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4, வேப்பம் புண்ணாக்கு 1 என்று கலந்து ஒரு நாள் வைத்திருந்து போட்டால் இன்னும் நின்று பேசும். யூரியாவை அடுப்புச் சாம்பலோடும் சுண்ணாம்போடும் மட்டும் கலக்காதே.

டிஏபி முழுவதும் அடியுரம். யூரியாவையும் பொட்டாஷையும் நாலாகப் பிரித்துக்கொள்: அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது. மேலுர யூரியா மட்டும் இலை அட்டை கேட்டால்தான். ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ. பூண்டு மடக்கிய வயலுக்கு 5 கிலோவே போதும், அந்தப் பணம் மிச்சம். 20 கிலோ காய்ந்த மணலோடு கலந்து தனியாகத் தூவு. டிஏபியோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பயிருக்குக் கிடைக்காமல் போகும். அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரம் வாங்கினால் மக்கிய எருவில் பிசிறித் தூவு, மூட்டை உரம் போடுகிற நாளில் வேண்டாம்.

எருவுக்கும் ஒரு ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வயலில் நடக்கும்போது காலடியில் கொப்புளம் கிளம்பி அழுகிய முட்டை வாடை அடித்தால், மக்காத பொருள் காற்றில்லாமல் அழுகுகிறது என்று அர்த்தம். ஒரு தூரைப் பிடுங்கிப் பார். வேர் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் சரி. கறுத்திருந்தால் உரம் போடாதே, மருந்தும் அடிக்காதே. தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு விடும்வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சு. புது வேர் தானே இறங்கும்.

ஒரே வருஷத்தில் மூட்டையைப் பாதியாக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 5 டன் எருவில் தழைச்சத்து மொத்தமே 25 கிலோ சுமார், அதிலும் சிறு பங்குதான் முதல் போகத்தில் வெளிவரும். 1970-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பல ஊர்களில் நீண்டகால உரப் பரிசோதனை தொடங்கியது. ஆண்டுக்காண்டு அதே வயல், அதே உரம். நெல் வயல்களும் அதில் உண்டு. தழைச்சத்து மட்டும் போட்ட பாத்திகள் போகப் போக இளைத்தன. மூன்று சத்தோடு தொழு உரமும் சேர்ந்த பாத்திகள்தான் விளைச்சலிலும் மண்ணின் கரிமச் சத்திலும் நிலைத்து நின்றன. என் வயலிலும் மூன்றாவது பூண்டுக்குப் பிறகுதான் மண் பொலபொலத்தது, வேனிலில் பாளம் பாளமாக வெடிப்பதும் குறைந்தது.

உன் ஒன்பது மாவுக்கு, அதாவது மூன்று ஏக்கருக்கு, 60 கிலோ பூண்டு விதை வேண்டும். போன வருஷம் வரப்போரத்தில் முற்றவிட்ட பூண்டிலிருந்து அடித்தது என் பரணில் சாக்கில் இருக்கிறது. ஆனி முடியும் முன் மாப்பிள்ளையை டிவிஎஸ்ஸில் அனுப்பு, இரண்டு நடையாகக் கொண்டுபோகலாம்.