உயில் எழுதுவது அமங்கலமா?

கேள்வி: எனக்கு வயது 70. உயில் எழுத நினைக்கிறேன். அபசகுனம் என்று வீட்டார் தடுக்கிறார்கள். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகர், ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை

பதில்: உங்கள் ஐயத்துக்குச் சமாதானம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. தமக்கென்று கௌபீனமும் கமண்டலமுமன்றி ஏதும் வைத்துக்கொள்ளாத பகவான் ரமணர், அன்னையின் சமாதியைச் சூழ்ந்து வளர்ந்த ஆசிரமத்தின் நிர்வாகம் தமக்குப் பின் விவாதத்துக்கு இடமாகலாகாதென்று, 1938-இல் உயிலொன்று செய்து, கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு கோடு கிழித்து, அப்பொறுப்பைத் தம்பி நிரஞ்சனானந்த சுவாமிக்கும் அவர் சந்ததிக்கும் அளித்தார். 1953-இல் சுவாமி மறைந்ததும், அந்த ஏற்பாட்டின்படியே அவர் குமாரர் வெங்கடராமன் பொறுப்பேற்றார். துறவி செய்தது குடும்பஸ்தருக்கு எப்படி அமங்கலமாகும்?

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, சித்த சுவாதீனத்துடன் நீங்கள் இடும் கையொப்பத்துக்கோ குறிக்கோ இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்டால் போதும்; முத்திரைத்தாள் வேண்டாம்; பதிவு கட்டாயமன்று, ஆயினும் க்ஷேமம். சொத்தில் பங்கு பெறாத, உங்களினும் இளையவர்களைச் சாட்சியாக்குங்கள். வீட்டின் சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் பிழையற எழுதுங்கள். மனைவி ஆயுள்பரியந்தம் அவ்வீட்டில் வசிக்கும் உரிமையை முதல் வரியிலேயே வையுங்கள். மனம் மாறினால் திருத்தவும் ரத்து செய்யவும் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. பிள்ளைகளின் ஒற்றுமையைக் காப்பாற்றும் காகிதம் மங்களகரமானதே.